உள்ளங்கைக் கோட்டைத் தாண்டிப் போட்ட பிளாஸ்டர்

பிளாஸ்டர் துணியை எவ்வளவு நேரம் நனைப்பது, எத்தனை சுற்றுச் சுற்றுவது, எலும்பு முட்டுகிற இடத்தில் எவ்வளவு பஞ்சு வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். படம் போட்ட புத்தகமும் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பிளாஸ்டர் அறைக்கும் பயிற்சி அறைக்கும் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நான் எழுதுவது அதைப் பற்றி அல்ல. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருக்கோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போய், முதுகு தாங்காமல், ஆசுபத்திரியில் சிற்றூழியனாகச் சேர்ந்து, தண்ணீர் வாளியோடு நின்ற இடத்திலேயே பிளாஸ்டர் போடப் பழகியவன். உங்களுக்கு நான் பாடம் சொல்ல வரவில்லை. ஒரு பிழையைச் சொல்ல வந்திருக்கிறேன். அது என்னுடைய பிழை.

நான் பயந்த சுபாவக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது. பிளாஸ்டர் வெட்டுகிற மெசினை நிறுத்தினேனா என்று பார்க்க மூன்று தரம் திரும்பி வருவேன். கட்டுப் போட்டு அனுப்பிய ஆள் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் ஓடிப்போய் விரலின் நிறத்தைப் பார்ப்பேன். "நல்ல கவனமான மனிசன்" என்று தாதி மிஸ்ஸிமார் சொல்வார்கள். கவனம் வேறு, பயம் வேறு என்று எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது.

யுத்த காலத்தில் எங்களிடம் வந்த மணிக்கட்டுகளில் நிறைய, உடனே உடைந்து வந்தவை அல்ல. உடைந்து, நேரத்துக்கு வர வழியில்லாமல், கோணலாகவே பொருந்திப்போனவை. மணிக்கட்டுக்கு மேலே ஒரு மேடு, கீழே ஒரு பள்ளம், கை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். கடல் கடக்கிற லோஞ்ச் ஓடாது, பாதை திறக்காது, பயணப் பாஸ் கிடைக்காது. அதனால் ஊர் முறிவு வைத்தியரிடம் போயிருப்பார்கள். அவரைக் குறை சொல்லாதீர்கள். எக்ஸ்ரே இல்லாமல், வெறும் விரலால் தடவிப் பார்த்து அவர் செய்ததை, எக்ஸ்ரே இருந்தும் நாங்கள் சில வேளைகளில் செய்யவில்லை.

அப்படி வந்தவன்தான் பாலன். தோப்பூருக்கும் அப்பால் ஓர் ஊர். வயது இருபத்திநாலு. வயல்களுக்கு நீர் இறைக்கிற பம்புகளையும் உழவு மெசின்களையும் திருத்துகிற வேலை. கைபிடி போட்டுச் சுழற்றி ஸ்டார்ட் பண்ணும்போது, மெசின் திருப்பி அடித்து மணிக்கட்டை உடைத்துவிட்டது. ஐந்து மாதம் கழித்துத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தான். உள்ளங்கையை மேலே திருப்ப ஏலாது. சாவியை (நீங்கள் ஸ்பானர் என்பீர்கள்) பிடித்தால் திருகப் பலமில்லை.

பெரிய டொக்டர் அவனுடைய எலும்பை மறுபடி வெட்டினார். வெட்டி நிமிர்த்தி, இடையில் விழுந்த வெளிக்கு இடுப்பு எலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து வைத்து, மேலே தகடு வைத்து ஆணி பூட்டினார். அந்தத் தகட்டை அவர் கொழும்பிலிருந்து வரும்போது தன் பையில், உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்தவர். வழியில் எத்தனை இடத்தில் பையைக் கொட்டிக் காட்டினார் என்று அவர் சொல்லவில்லை. ஸ்டோரில் வேறு தகடு இருக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஒப்பரேசன் முடிந்து பதினாலாம் நாள் பாலனுடைய கார்டில் டொக்டர் இப்படி எழுதியிருந்தார்: பிளாஸ்டரைக் கழற்றவும், கழற்றி மாட்டுகிற காப்புக் கட்டு ஒன்று கொடுக்கவும், விரலுக்கும் மணிக்கட்டுக்கும் இன்றே பயிற்சி தொடங்கவும். இன்றே என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தார். ஐந்து மாதம் இறுகிக் கிடந்த கை அது. எலும்பைத் தகடு பிடித்துக்கொள்ளும், மூட்டை அசைவுதான் காப்பாற்ற வேண்டும்.

அன்று காலை எங்கேயோ வெடித்து, காயப்பட்டவர்களை ஏற்றிய வாகனங்கள் வந்தபடி இருந்தன. டொக்டர் ஒப்பரேசன் தியேட்டருக்குள். பயிற்சி மிஸ்ஸியை வாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிளாஸ்டர் அறையில் நான் ஒருவன். பாலன் வாங்குப் பலகையில் இருந்தான். அவனுடைய அக்கா கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணை, உந்தக் கட்டைக் கழட்டாதேங்கோ."

"டொக்டர் எழுதிக் கிடக்குது பிள்ளை. அசைக்காட்டி இறுகிப்போம்."

"இறுகினாப் பரவாயில்லை. ஆள் இருந்தாக் காணும்."

எனக்கு விளங்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கட பக்கம் இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒராளைக் கேக்கினம். இவன் மெசின் வேலை தெரிஞ்சவன், இவனைத்தான் கேக்கினம். கை உடைஞ்சு கிடந்தபடியா இவ்வளவு நாளும் விட்டு வைச்சவை. கட்டோட போனா இன்னும் கொஞ்ச நாள் விடுவினம். வெறுங்கையோட போய்க் காலடி வைச்சா, அண்டைக்கே கூட்டிக்கொண்டு போயிடுவினம்."

"ஓம், அது..."

"இஞ்சால ஆமிச் சென்றியில தழும்பைக் கண்டா அது வேற கதை. எங்க சண்டை பிடிச்சனி எண்டு கேப்பாங்கள். கட்டுக்குள்ள இருந்தா ரெண்டு பக்கமும் ஒரு கேள்வி இல்லை அண்ணை."

பாலன் வாங்கிலிருந்து, "அக்கா, டொக்டர் என்ன சொன்னவரெண்டா..." என்று தொடங்கினான்.

"நீ சும்மா இரு" என்றாள் அவள்.

நானும் சொன்னேன். "தம்பி, கொஞ்சம் பொறும். நாங்கள் கதைக்கிறம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் ஆசுபத்திரிகளில் நோயாளி கதைப்பதில்லை, கூட வந்தவர்தான் கதைப்பார். பல்லு வலிக்கிறது எவனுக்கு என்றாலும், எந்தப் பல் என்று தாய் சொல்லுவாள். நாங்களும் தாயைப் பார்த்தே மருந்து சொல்லுவோம். அதில் ஒரு பிழையும் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இருபத்திநாலு வயது ஆளை, ஒரு ஊரின் மெசின்களையெல்லாம் ஓட வைக்கிற ஆளை, பொறும் என்று சொல்லிவிட்டு அவனுடைய கையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் தீர்மானித்தோம்.

பயந்தவனுக்கு இன்னொருவருடைய பயம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். டொக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தியேட்டர் வாசலில் இரத்தத்தோடு ஆட்கள் கிடக்கும்போது இதை எப்படிப் போய்க் கேட்பது என்று நினைத்தேன். பழைய கட்டை வெட்டி, தையலை எடுத்து, புதிதாக முழுப் பிளாஸ்டர் போட்டேன். சாதாரணமாகப் போட்டிருந்தாலும் போதுமாயிருந்திருக்கும். நான் அப்படிப் போடவில்லை. தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கும் தெரிய வேண்டும், பெரிய முறிவு என்று நம்ப வேண்டும் என்று, முழங்கையிலிருந்து தொடங்கி, கட்டு நிற்க வேண்டிய, உள்ளங்கையில் விரல் மடிகிற கோட்டையும் தாண்டி, விரலின் நடுக்கணுவரை கொண்டுபோனேன். பெருவிரலையும் சேர்த்து மூடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தடிப்பாக நான் போட்டதில்லை.

"இரண்டு கிழமையில, பதினாலு நாளில, கட்டாயம் கொண்டு வாங்கோ" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். கார்டில் நான் ஒன்றும் எழுதவில்லை. பொய்யும் எழுதவில்லை, உண்மையும் எழுதவில்லை.

அவர்கள் போன நாலாம் நாள் பாதை மூடிவிட்டது. மூதூர் லோஞ்சும் நின்றது. இரண்டு கிழமை மூன்றாகி, ஐந்தாகி, எட்டாகியது. நான் பட்ட பாட்டை எழுதினால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சோற்றைப் பிசையும்போது என் விரல் மடிவதைப் பார்ப்பேன், அவனுடைய விரல் ஞாபகம் வரும், சோறு இறங்காது. டொக்டர் இரண்டு தரம் கேட்டார், "அந்தத் தோப்பூர்ப் பக்கத்துத் தகட்டுக் கை வரேல்லையா?" என்று. "பாதை பூட்டு சேர்" என்றேன். அதுவும் உண்மைதான்.

எட்டாம் கிழமை முடிவில் லோஞ்ச் ஓடத் தொடங்கி, முதல் நாளே இரண்டு பேரும் வந்தார்கள். பிளாஸ்டர் சாம்பல் நிறமாகி, ஓரமெல்லாம் உதிர்ந்திருந்தது. மெசினால் வெட்டிப் பிளந்தேன். உள்ளே இருந்த கையைப் பார்த்துவிட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விரல்கள் வீங்கி, தோல் மெழுகு பூசியதுபோல் மினுங்கியது. தொட்டாலே அவனுக்கு வலித்தது. "மடக்கும் தம்பி" என்றேன். அவன் பல்லைக் கடித்துப் பார்த்தான். நெற்றியில் வியர்வைதான் வந்தது. விரல்கள் சீப்புப் பல்போல நேராகவே நின்றன.

மணிக்கட்டு நேராக இருந்தது. டொக்டர் நிமிர்த்தியது நிமிர்த்தியபடியே பொருந்தியிருந்தது. முன்பு கோணல் மணிக்கட்டோடு வந்தவனுக்கு விரலாவது மடிந்தது. இப்போது நேரான மணிக்கட்டும் மடியாத விரல்களும்.

பாலன் தன் கையைப் பார்த்தபடியே சொன்னான், கோபமில்லாமல்தான் சொன்னான்:

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

நான் எழும்பி டொக்டரிடம் போனேன். கிளினிக்கில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சொன்னதை, நான் பயந்ததை, கோட்டைத் தாண்டிப் போட்டதை, கார்டில் எழுதாமல் விட்டதை. அவர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அக்கா என்ன சொன்னவ எண்டு சொல்லுறீர். நீர் என்ன நினைச்சனீர் எண்டு சொல்லுறீர். அவன் என்ன சொன்னவன்?"

"பொறும் எண்டு சொல்லிப்போட்டன் சேர்" என்றேன்.

"அவனைக் கேட்டிருந்தா ஒரு வழி வந்திருக்கும். என்னைக் கேட்டிருந்தாலும் வந்திருக்கும். கழட்டி மாட்டுற காப்பைக் கொஞ்சம் பெரிசாச் செய்து, வெளியில போகேக்க போடு, வீட்டில கழட்டிப் பயிற்சி செய் எண்டு சொல்லியிருக்கலாம். நீர் வாயைப் பூட்டினீர். அதோட அவன்ர விரலையும் பூட்டிப்போட்டீர்."

பிறகு வந்து கையைப் பார்த்தார். அக்காவைப் பார்க்காமல் பாலனைப் பார்த்தே கதைத்தார். நாலு மாதம், ஒவ்வொரு நாளும், ஒரு நாளைக்கு மூன்று தரம் பயிற்சி செய்தால் ஓரளவு திரும்பும். முழுதாகத் திரும்பும் என்று சொல்ல ஏலாது. ஊருக்குப் போய்ப் பாதை மூடினால், இந்தக் கை இப்படியேதான்.

"திருக்கோணமலையில ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"ஒருத்தருமில்லை" என்றான் பாலன்.

"என்ர வீட்டில இருக்கட்டும் சேர்" என்றேன் நான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

இளம் பிள்ளைகள் உங்களுக்கு அது என்னவென்று தெரியாது. அந்தக் காலத்தில் இயக்கம் இருக்கிற அந்தப் பக்கத்திலிருந்து ஒருவனை வீட்டில் வைத்திருப்பது என்றால், பொலிசுக்குப் போய் அவன் பெயரை உங்கள் வீட்டுப் பதிவில் சேர்க்க வேண்டும். அதன் பிறகு அவன் செய்வதெல்லாம் நீங்கள் செய்ததுதான். ஆமிச் சுற்றிவளைப்பு வந்தால் அவனோடு நீங்களும் வரிசையில் நிற்பீர்கள். மனைவியிடம் எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போய், சொன்னேன்.

"இஞ்சருங்கோ, பூனை தட்டினாக் கதவைப் பூட்டுற ஆள் நீங்கள். உங்களுக்கு என்ன நடந்தது?"

"பிழை என்ர."

"அப்ப முன்னறையில படுக்கட்டும். உங்கட மெத்தையைக் குடுங்கோ, நீங்கள் பாயில படுங்கோ" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய தீர்ப்பு.

பொலிசுக்கு நான் எக்ஸ்ரே படத்தையும் டொக்டரின் துண்டையும் கொண்டுபோனேன். படிவத்தைப் பாலன்தான் இடது கையால் நிரப்பினான். மேசையில் இருந்தவர் தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். பாலனின் தழும்பை விரலால் தடவினார். படத்தை யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது ஒப்பரேசன் செய்தது நல்லா. அப்ப ஏன் விரல் மடிக்க ஏலாது?"

அந்தக் கேள்வியில் சந்தேகம் இருந்தது. காயத்தை மறைக்க ஒப்பரேசன் என்று கதை விடுகிறோமோ என்று. பாலனின் முகம் வெளிறியது. ஆனால் அன்றைக்கு என்னிடம் சொல்ல ஒரேயொரு உண்மைதான் இருந்தது.

"பிளாஸ்டர் போட்ட ஆள் பிழையாப் போட்டவர் சேர்."

"யார் அந்த ஆள்?"

"நான்தான் சேர்."

அவர் என்னைப் பார்த்தார், பாலனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரருக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"அதுக்குத்தான் வீட்டில வைச்சிருக்கிறது?"

"ஓம் சேர்."

முத்திரை குத்தினார். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வந்து காட்டு என்றார். வெளியே வந்து மடத்தடிச் சந்தியைத் தாண்டினோம். பிறகு பாலன் சொன்னான், "நல்ல வேளை அண்ணை, எனக்குக் கண்ணில காயம் ஒண்டும் படேல்லை. அதையும் மூடி விட்டிருப்பியள்."

எட்டுக் கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் சிரித்தேன்.

பயிற்சியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். தொடக்கத்தில் அவசரப்பட்டேன். பிழை செய்தவனுக்கு அதை வெகு கெதியில் திருத்திவிட வேண்டும் என்று ஒரு தவிப்பு இருக்கும். வெந்நீரில் கையை வைத்த பிறகு, அவனுடைய விரல்களைப் பிடித்து நானே மடக்கிப் பார்த்தேன். மறுநாள் கை இன்னும் வீங்கியது. டொக்டர் பார்த்துவிட்டு, "நீர் மடக்காதேயும். அவன் மடக்கட்டும். நீர் பக்கத்தில இரும், காணும்" என்றார். பக்கத்தில் சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இப்போதும் உங்களில் யாராவது நோயாளியின் விரலைப் பிடித்து வளைப்பதைக் கண்டால், விடும், அவர் மடக்கட்டும் என்று சொல்லிவிடுவேன்.

ஆசுபத்திரியில் காலையில் ஒரு தரம் பயிற்சி. மற்ற இரண்டு தரமும் வீட்டில், என் மனைவியின் பொறுப்பு. அவள் பயிற்சி என்று ஒன்றும் செய்விக்கவில்லை. குசினியில் கதிரையைப் போட்டு இருத்தி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் துருவிய தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிழி என்று கொடுத்தாள். முதல் கிழமை பால் வரவில்லை. "இது பால் இல்லை தம்பி, தேங்காய்க்கு முகம் கழுவின தண்ணி" என்பாள். அவன் சிரித்துக்கொண்டு மறுபடி பிழிவான். கண்ணில் நீர் நிற்கும். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் எத்தனை விரல் அகலம் இருக்கிறது என்று திங்கட்கிழமைகளில் வைத்துப் பார்ப்போம். நாலு விரல் இருந்தது, மூன்றரையாக மூன்று கிழமை எடுத்தது. ஒரு கிழமை திரும்பப் பின்னுக்குப் போனது. அந்தக் கிழமை சுற்றிவளைப்பில் பள்ளிக்கூட வளவில் வெய்யிலில் அரை நாள் நிறுத்தியிருந்தார்கள், கையைத் தலைக்கு மேலே வைக்கச் சொல்லி. அவனோடு நானும் நின்றேன். என் கை விறைத்தது. அவனுடைய கை என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன், எனக்கான பயம் அன்றைக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

உள்ளங்கையை மேலே திருப்புவதற்கு அவனே வழி கண்டுபிடித்தான். எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பு, பக்கத்து வீட்டுத் தையல் மெசின், ஒழுங்கை முடிவிலிருந்த கிணற்றுப் பம்பு என்று கண்டதையெல்லாம் கழற்றினான். திருப்புளியை உள்ளே திருகினால் ஒரு அசைவு, வெளியே திருகினால் மற்ற அசைவு. பயிற்சி மிஸ்ஸி சொல்லிக்கொடுத்ததைவிட அது வேலை செய்தது. கை வலித்தால் நிறுத்துவான், நான் சொல்லி அல்ல, தானாக.

நாலாம் மாத முடிவில் விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டது. உள்ளங்கை முக்கால்வாசி மேலே திரும்பியது. மணிக்கட்டைப் பின்னுக்கு வளைப்பது பாதிதான். அதற்கு மேல் வராது என்று டொக்டர் சொன்னார். சாவி பிடிக்கலாம், திருகலாம். பாரமான கைபிடியை இனி இடது கையால் சுழற்று என்றார்.

அக்கா வந்தாள். இந்தத் தரமும் என்னைப் பார்த்தே கதைத்தாள்.

"அண்ணை, அங்க நிலைமை மாறேல்லை. இவன் உங்களோடயே இருக்கட்டும். இஞ்ச ஒரு வாகனக் கராச்சில வேலை எடுத்துக் குடுங்கோ."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் விருப்பம். நாலு மாதத்தில் அவன் எங்கள் வீட்டு ஆளாகிவிட்டான். ஓம், இருக்கட்டும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, பாலனைப் பார்த்தேன்.

"தம்பி, நீர் என்ன சொல்லுறீர்?"

அக்கா ஏதோ சொல்ல வந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

பாலன் கனநேரம் யோசிக்கவில்லை. யோசித்து வைத்திருந்தவன்போல இருந்தது.

"அம்மா அங்க தனிய. விதைச்ச வயலுக்குத் தண்ணி இல்லை, ஆறு பம்பு பழுதாக் கிடக்குதாம். நான் போறன். சேர்ந்துதான் ஆக வேணும் எண்டு வந்தா, என்ர வாயாலேயே ஏலாது எண்டு சொல்லிப் பாக்கிறன். அக்கா சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது." பிறகு என்னைப் பார்த்தான். "ஆனா அண்ணை, எனக்கு ஒரு கட்டு வேணும். கழட்டி மாட்டுற மாதிரி, ரெண்டு பாதியா. முழங்கை வரைக்கும் பெரிசா இருக்கட்டும். விரலை மட்டும் விட்டுவிடுங்கோ."

நான் அவனையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போய், அவனையே கேட்கச் சொன்னேன். டொக்டர் கேட்டுவிட்டு, பாரமான வேலைக்குப் பிறகு அந்தக் கைக்கு ஓய்வு வேண்டும் என்றார். அது பொய் இல்லை. ஓய்வுக்குக் காப்பு அணிய வேண்டும் என்று துண்டும் எழுதிக் கொடுத்தார். நான் போட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்டேன், இது காணுமா, இங்கே முட்டுகிறதா, இறுக்கமா என்று. "அண்ணை, கலியாணச் சட்டை தைக்கிற மாதிரிக் கேக்கிறியள்" என்றான். உள்ளங்கைக் கோட்டுக்கு ஒரு விரல் அகலம் கீழேயே நிறுத்தினேன். காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் வெட்டி, ஓரத்துக்குத் துணி வைத்து, நாடா கட்டிக் கொடுத்தேன். லோஞ்ச் ஏறப் போகும்போது அதை மாட்டிக்கொண்டு, மற்றக் கையில் திருப்புளிப் பையோடு போனான். அக்கா பின்னால் போனாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு செய்தியும் இல்லை. இவ்வளவும் படித்து என்னைப் பற்றித் தெரிந்துகொண்ட உங்களுக்கு அந்த மூன்று மாதத்தை நான் எழுதத் தேவையில்லை. அவனை இருக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒரு மனிதனிடம் கேட்டு, அவன் சொன்னபடி நடந்தால் மனம் ஆறிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். ஆறாது. ஆனால் கேட்காமல் செய்ததன் பாரம் வேறு மாதிரி. இரண்டையும் தூக்கிப் பார்த்தவன் சொல்கிறேன்.

ஒரு புதன்கிழமை கிளினிக்கில் வரிசையில் பாலன் நின்றான். தனியாகத்தான் வந்திருந்தான். கொஞ்சம் மெலிந்திருந்தான். டொக்டர் முன்னால் நாடாவை அவிழ்த்துக் கட்டின் இரண்டு பாதியையும் மேசையில் வைத்தான். வெளிப்பக்கம் ஓரளவு வெள்ளை. வேலை செய்த கையோடு மாட்டியதில், உள்பக்கம் முழுவதும் எஞ்சின் ஓயில் பிடித்துக் கறுத்திருந்தது. டொக்டர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கையை மடக்கச் சொன்னார், திருப்பச் சொன்னார். உள்ளங்கையில் காய்ப்பு ஏறிப் பலம் வந்திருந்தது.

"நல்லம். இது வெடிச்சுப்போச்சு, இன்னொண்டு செய்து குடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த கார்டை எடுத்தார்.

பிளாஸ்டர் அறையில் துணியை நனைக்கும் முன், "எப்பிடி வேணும் தம்பி? பழையபடியோ?" என்று கேட்டேன்.

"பழையபடிதான். ஆனா வெள்ளையா விடாதேங்கோ அண்ணை. போன முறை பளிச்செண்டு இருந்தது. இயக்கக்காரர் பாத்திட்டு, நேத்துப் போட்ட மாதிரிக் கிடக்கு, ஏழு மாதமாக் கட்டெண்டு சொல்லுறாய் எண்டு கேட்டவை. நான் சமாளிச்சுப்போட்டன். கொஞ்சம் ஊத்தையா வேணும்."

எனக்கு முன்னால் தண்ணீர் வாளி. நான் துணியை நனைத்து, அவன் சொன்ன அளவுக்குப் போட்டு, காய வைத்து, வெட்டினேன். பிறகு அந்த இரண்டு பாதியையும் எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியடியில் குந்தி இருந்து, மண்ணில் புரட்டி, ஈரக் கரியைத் தேய்த்து, ஓரங்களைச் சீமெந்தில் உராய்ந்து கொடுத்தேன். பாலன் பக்கத்தில் நின்று பார்த்தான்.

"காணுமோ?"

"மேல்பக்கம் இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.